சொன்னபடி கிழிப்பதில் என்ன படைப்பு இருக்கிறது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். 12 வயது மகனுக்குக் கேரி ஸ்மித்தின் ‘ரெக் திஸ் ஜர்னல்’ புத்தகத்தைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்திருக்கிறீர்கள். கிழி, குத்து, கறையாக்கு, கயிறு கட்டி இழு என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்லும் புத்தகம் அது. மகன் முதல் பக்கத்தில் தொடங்கி வரிசையாக, ஒன்றுவிடாமல் செய்து, செய்த பக்கத்தின் மூலையில் ஒரு சரிக்குறியும் போட்டு, ஒன்பதே நாளில் முடித்து உங்களிடம் நீட்டிவிட்டான். முடித்தால் ஒரு பரிசு என்று சொல்லியிருந்தீர்கள், அதையும் வாங்கிக்கொண்டான். புத்தகம் இப்போது கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. “ஒருவர் போட்ட கட்டளையை இன்னொருவர் நிறைவேற்றுவதில் படைப்பாற்றல் எங்கே வந்தது? இதன் அடுத்த புத்தகத்தையும் வாங்க வேண்டுமா?” என்று கேட்கிறீர்கள். வாங்குவதா வேண்டாமா என்பது எளிய கேள்வி, கடைசியில் சொல்கிறேன். நீங்கள் உண்மையில் கேட்பது அதைவிடக் கடினமானது: கீழ்ப்படிவதும் படைப்பதும் ஒரே செயலுக்குள் இருக்க முடியுமா? முடியும் என்றே நினைக்கிறேன். எல்லாக் கட்டளைகளிலும் முடியாது. உங்கள் வீட்டில் அது ஏன் நடக்கவில்லை என்பதற்கான தடயம், நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில் இருக்கிறது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் புத்தகம் கட்டுகிறவன். 26 ஆண்டுகளாகத் தையல், பசை, அட்டை, முதுகு இவைதான் என் தொழில். கடந்த 14 ஆண்டுகளாக வார இறுதியில் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் புத்தகம் செய்யும் வகுப்பு எடுக்கிறேன். அங்கே இந்த வகைச் செயல் புத்தகங்களை நிறையப் பயன்படுத்தியிருக்கிறேன், ஒன்றிரண்டைச் செய்தும் பார்த்திருக்கிறேன். உளவியல் படித்தவன் அல்ல. தாள், கட்டளை, அதைக் கையில் வாங்கும் ஆள், இந்த மூன்றுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துப் பழகியவன், அவ்வளவுதான். குழந்தையின் மனநிலை பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பைண்டரிடம் போய்ப் புத்தகத்தைச் சிதைப்பது பற்றிக் கேட்பது, தோட்டக்காரரிடம் போய் மரம் வெட்டுவது பற்றிக் கேட்பது போலத்தான். இந்தப் புத்தகம் முதலில் கைக்கு வந்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ‘முதுகை முறி’ என்று ஒரு பக்கம் சொல்கிறது. பிறருடைய முறிந்த முதுகுகளைச் சரிசெய்து பிழைப்பு நடத்துகிறவனுக்கு இப்படி ஒரு கட்டளை. ஆனாலும் செய்தேன். சாதா அட்டைப் புத்தகங்களில் பெரும்பாலானவை பசையால் மட்டும் ஒட்டப்பட்டவை: மடித்த தாள்களின் முதுகுப் பக்கத்தைச் சீவி, சூடான பசையைப் பூசி, அட்டையைச் சுற்றி அழுத்திவிடுவார்கள். நடுவில் விரித்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினால், முதலில் அட்டையில் ஒரு வெள்ளைக் கோடு விழும். பிறகு உள்ளே ஒரு சத்தம், காய்ந்த குச்சி ஒடிவது போல. பசை பிளந்த இடத்தில் தாள்களின் வேர் தெரியும். நூலால் தைத்த புத்தகத்தில் இது நடக்காது, அது மடிந்துகொடுக்கும். இந்த வித்தியாசத்தை மாணவர்களுக்கு விளக்க நான் படம் வரைவேன், மாதிரி காட்டுவேன், அரை மணி நேரம் பேசுவேன். அந்த ஒரு சத்தத்துக்குப் பிறகு பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. என் எரிச்சல் அன்றைக்கே பாதி குறைந்தது.

கேரி ஸ்மித் கனடாவைச் சேர்ந்தவர். இதழ்களுக்கும் புத்தகங்களுக்கும் ஓவியம் வரைந்துகொண்டிருந்தவர், பிறகு வாசகர் முடித்துவைக்க வேண்டிய புத்தகங்களைச் செய்யத் தொடங்கினார். ‘ரெக் திஸ் ஜர்னல்’ 2007இல் வந்தது. பல மொழிகளுக்குப் போயிற்று. 2017இல் வண்ணப் பதிப்பும் வந்தது. அடுத்தடுத்து ‘ஹௌ டு பி அன் எக்ஸ்ப்ளோரர் ஆஃப் த வேர்ல்ட்’ (2008), ‘திஸ் இஸ் நாட் எ புக்’ (2009), ‘மெஸ்’ (2010), ‘ஃபினிஷ் திஸ் புக்’ (2011) என்று ஒரு வரிசையே உண்டு. இவற்றில் அதிகம் விற்றது சிதைக்கும் புத்தகம்தான். எனக்குப் பிடித்தது 2008ஆம் ஆண்டுப் புத்தகம். அதன் முதல் தேடல் மிக எளிமையானது: இப்போது உட்கார்ந்திருக்கும் இடத்தில், உட்கார்ந்தபோது கவனிக்காத பத்து விஷயங்களை எழுது. எதையும் கிழிக்க வேண்டாம், கறையாக்க வேண்டாம். முதல் நான்கு எளிதாக வந்துவிடும். ஏழாவதுக்கு மேல்தான் ஆள் நிமிர்ந்து உட்காருவார். பெரியவர்களோடு இதைச் செய்யும்போது ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் விழும் அமைதியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். 2016இல் வந்த ‘த வாண்டர் சொசைட்டி’ இன்னும் விசித்திரமானது. பழைய புத்தகக் கடையில் கிடைத்த வால்ட் விட்மன் கவிதைத் தொகுப்பின் ஓரக் குறிப்புகளிலிருந்து ஒரு இரகசியச் சங்கத்தைக் கண்டுபிடித்ததாகத் தொடங்கி, வாசகரை இலக்கில்லாமல் நடக்கச் சொல்கிறது. அங்கே புத்தகம் கையில் இருக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. அவர் போய்க்கொண்டிருக்கும் திசை இதுதான் என்று எனக்குப் படுகிறது: வாசகர் சீக்கிரம் மூடிவைத்துவிட்டு எழுந்து போக வேண்டிய புத்தகங்கள்.

உங்கள் மகன் கவனிக்காமல் தாண்டிப்போன ஒரு பக்கம் ‘ரெக் திஸ் ஜர்னல்’ தொடக்கத்திலேயே இருக்கிறது. பொது விதிகள் அதில்தான் உள்ளன. போகும் இடமெல்லாம் புத்தகத்தை எடுத்துச் செல், எல்லாப் பக்கத்திலும் உள்ள கட்டளைகளைச் செய் என்று சொல்லிவிட்டு, வரிசை முக்கியம் இல்லை, கட்டளைகளுக்கு அவரவர் பொருள் கொள்ளலாம், சோதித்துப் பார், உன் நல்லறிவு வேண்டாம் என்று சொன்னாலும் செய் என்று முடிகிறது. அந்தப் பக்கத்துக்குப் பிறகு வருபவை கட்டளை மாதிரித் தோன்றினாலும் கட்டளைகள் அல்ல. ‘இந்தப் பக்கத்தை வேண்டுமென்றே வெறுமையாக விடு’ என்று ஒரு பக்கம் உண்டு. அதைச் செய்துவிட்டதாக எப்போது சரிக்குறி போடுவது? சரிக்குறி போட்டால் பக்கம் வெறுமையாக இல்லையே. உங்கள் மகன் அந்தப் பக்கத்தில் என்ன செய்தான் என்று தயவுசெய்து பாருங்கள். எனக்கு அறிந்துகொள்ள ஆவலாக இருக்கிறது.

இந்த மாதிரிக் கட்டளைகளுக்கு ஒரு வமிசாவளி இருக்கிறது. 1960களில் ஃபிளக்ஸஸ் என்ற பெயரில் சேர்ந்த கலைஞர்கள், செய்து முடித்த ஓவியத்துக்குப் பதிலாகச் செய்ய வேண்டியதைச் சொல்லும் சில வரிகளையே படைப்பாக முன்வைத்தார்கள். ஜார்ஜ் பிரெக்ட்டின் ‘வாட்டர் யாம்’ (1963) ஒரு பெட்டி நிறையச் சிறு அட்டைகள். அவருடைய ஒரு படைப்பு முழுவதுமே இவ்வளவுதான்: சொட்டும் நீரும் காலிப் பாத்திரமும் இருக்கட்டும், நீர் பாத்திரத்தில் விழட்டும். யோகோ ஓனோவின் ‘கிரேப்ஃப்ரூட்’ 1964இல் டோக்கியோவில் 500 பிரதிகளாக வெளிவந்தது. தீக்குச்சியைப் பற்றவைத்து அணையும்வரை பார்த்திரு என்பது போன்ற குறிப்புகளால் ஆனது. பிரான்சில் ரேமோன் கெனோ 1961இல் பத்து சானெட் கவிதைகளை எழுதி, ஒவ்வொன்றிலும் உள்ள 14 அடிகளையும் தனித்தனிக் கீற்றுகளாக வெட்டிக் கட்டினார். எந்தக் கீற்றும் எந்தக் கீற்றோடும் சேரும். ஆக 100 இலட்சம் கோடி கவிதைகள். இரவும் பகலும் படித்தாலும் முடிக்க ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகள் ஆகும் என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். பைண்டர் என்ற முறையில் அந்தக் கீற்றுகளை வெட்டிக் கட்டியவரை நினைத்துத்தான் எனக்குப் பரிதாபமாக இருக்கும்.

குழந்தைகள் பக்கம் வந்தால் இத்தாலியின் புரூனோ முனாரி. சொற்களே இல்லாத, வண்ணத் தாளும் வெட்டும் தையலும் மட்டுமே உள்ள புத்தகங்களை 1949இலிருந்தே செய்தவர். 1980இல் எழுத்தறியாத குழந்தைகளுக்காக உள்ளங்கை அளவில், பத்து சென்டிமீட்டர் சதுரத்தில், 12 குட்டிப் புத்தகங்கள் செய்தார். தாள், துணி, மரம், பிளாஸ்டிக் என்று வெவ்வேறு பொருள்கள், வெவ்வேறு கட்டுமானங்கள். பிரான்சின் எர்வே துல்லே 2010இல் வெளியிட்ட, மஞ்சள் புள்ளியை அழுத்தச் சொல்லும் புத்தகத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். அழுத்திவிட்டுப் பக்கத்தைத் திருப்பினால் இரண்டு புள்ளிகள். புத்தகத்தைச் சாய்த்துவிட்டுத் திருப்பினால் எல்லாப் புள்ளிகளும் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும். உள்ளே மின்கலமோ பொறியோ கிடையாது, வெறும் அச்சிட்ட தாள்தான். அருமையான புத்தகம். ஆனால் அங்கே அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்பதை ஆசிரியர் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டார். குழந்தை தன்னால்தான் நடந்தது என்று நம்பி மகிழ்கிறது. ஸ்மித்தின் புத்தகத்தில் அடுத்து என்ன வரும் என்று அவருக்கே தெரியாது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ‘ஊடாடும் புத்தகம்’ என்று கடைகள் விற்பதால்தான் குழப்பம்.

இதைத்தான் நான் அளவுகோலாக வைத்திருக்கிறேன். கட்டளை செயலைச் சொல்கிறதா, விளைவைச் சொல்கிறதா? ‘பென்சிலால் இந்தப் பக்கத்தில் துளையிடு’ என்பது செயல். ‘இங்கே ஒரு பறவை வரை’ என்பது விளைவு. முதலாவதைத் தவறாகச் செய்ய முடியாது. இரண்டாவதைச் செய்யத் தொடங்குவதற்கு முன்பே குழந்தையின் மனதில் ஒரு நல்ல பறவையும், அதைப் போல வராத தன் பறவையும் வந்து உட்கார்ந்துவிடும். இந்தப் பாடத்தை என் செலவிலேயே கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பதிப்பாளருக்காக 48 பக்கச் செயல் புத்தகம் ஒன்றைத் திட்டமிட்டுக் கொடுத்தேன். பக்கத்துக்கு ஒரு வேலை. வீடு வரை, மரம் வரை, உனக்குப் பிடித்த மிருகத்தை வரை. மாதிரிப் பிரதிகளை வகுப்பில் கொடுத்துப் பார்த்தபோது, 23 குழந்தைகள், 23 வீடுகள். 19 வீடுகளில் முக்கோணக் கூரை, நடுவில் கதவு, இருபுறமும் சன்னல். அந்தக் குழந்தைகளில் யாருமே அப்படிப்பட்ட வீட்டில் குடியிருக்கவில்லை. குறை என் வரியில்தான் இருந்தது: ‘வீடு வரை’ என்றால் வீட்டுச் சின்னத்தை வரை என்றுதான் அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. அடுத்த வாரம் அதே பக்கத்துக்கு, ‘கண்ணை மூடிக்கொண்டு உன் வீட்டு வாசலிலிருந்து படுக்கைவரை கோட்டால் நடந்து போ’ என்று எழுதினேன். வந்த 23 கோடுகளில் ஒன்றுபோல இன்னொன்று இல்லை. ஒரு பையனின் கோடு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் படுக்கைக்குப் போனது. ஏன் என்றேன். “சாப்பிடச் சொல்லித் துரத்துவார்கள்” என்றான்.

செயலைச் சொல்லி விளைவைச் சொல்லாமல் விடும்போது என்ன நடக்கும் என்பதற்கு நான் மறக்காத ஒரு காட்சி. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி. எதையும் நேர்த்தியாகச் செய்கிறவள். நோட்டில் ஒரு அடித்தல் விழுந்தால் பக்கத்தையே மாற்றி எழுதுவாள். துளையிடும் பக்கம் அவளுக்கு வந்தது. ஸ்கேல் வைத்து ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி குறித்து, அதன்மேல் வரிசையாகக் குத்தத் தொடங்கினாள். இரண்டாவது வரிசையில் பென்சில் முனை உடைந்து தாளுக்குள்ளேயே நின்றுவிட்டது. அதை எடுக்கப் பக்கத்தைத் திருப்பினாள். பின்பக்கம் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் தாள் உதடு பிதுங்கியது போல எழும்பி நின்றது. அதன்மேல் விரலை ஓட்டினாள், மறுபடி ஓட்டினாள். பிறகு ஸ்கேலைத் தள்ளிவைத்துவிட்டுப் பின்பக்கத்திலிருந்து குத்த ஆரம்பித்தாள். ஒன்று மேடு, ஒன்று பள்ளம். கொஞ்ச நேரத்தில் தாளைச் சன்னலுக்கு எதிரே பிடித்தாள். மேசைமேல் விழுந்த ஒளிப் புள்ளிகளை நகர்த்தி நகர்த்தித் தன் கையின்மேல் விழவைத்தாள். 40 நிமிடம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது, துளைகளின் இடைவெளியை மாற்றினால் ஒளி எப்படி மாறுகிறது என்று மூன்றாவது தாளில் சோதித்துக்கொண்டிருந்தாள். புத்தகம் சொன்னது துளையிடு என்பது மட்டும்தான். அதற்கு மேல் நடந்த எல்லாம், பென்சில் முனை உடைந்து கட்டளை தீர்ந்துபோன இடத்துக்குப் பிறகு நடந்தவை. உங்கள் மகன் ஒவ்வொரு பக்கத்திலும் கட்டளை தீர்ந்துபோன அதே இடத்தில் சரிக்குறி போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டான்.

சிதைப்பது வெறும் ஆவேசம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தாள் ஒரு திசையில் நேராகக் கிழியும், அதற்குக் குறுக்கே கிழித்தால் கோணல் மாணலாகப் போகும். இயந்திரத்தில் தாள் தயாராகும்போது நார்கள் பெரும்பாலும் அது ஓடும் திசையில் படிவதால் வரும் வேறுபாடு அது. நாங்கள் தொழிலில் முதலில் கற்றுக்கொள்வதே இதைத்தான். நார் ஓட்டத்தைப் பார்க்காமல் கட்டிய புத்தகம் முறுக்கிக்கொள்ளும். காப்பியைக் கொட்டச் சொல்லும் பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுக் காயவைத்தால், நடுப்பகுதி வெளிறி ஓரம் மட்டும் கருத்த வளையமாக நிற்கும். ஓரத்தில் நீர் வேகமாக ஆவியாவதால் உள்ளிருந்து நீர் அங்கே ஓடுகிறது, துகள்களையும் கூடவே இழுத்துச் சென்று சேர்க்கிறது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை விளக்கி 1997இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அச்சு மை, வண்ணப்பூச்சு ஆகியவற்றில் இன்றுவரை இது முக்கியமான விஷயம். கறையை உற்றுப் பார்க்கிற குழந்தைக்கு இவ்வளவும் அந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது. உற்றுப் பார்க்காத குழந்தைக்கு அது அழுக்கான பக்கம் மட்டும்தான்.

இனி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரிக்கு வருகிறேன்: முடித்தால் பரிசு. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஸ்டான்ஃபோர்டின் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஏற்கெனவே வரைவதில் ஆர்வம் உள்ள குழந்தைகளையே தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் வரைந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் கிடையாது. ஓரிரு வாரம் கழித்து, யாரும் எதுவும் சொல்லாத விளையாட்டு நேரத்தில் பார்த்தால், பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள், மற்ற இரு குழுவினர் வரைந்த நேரத்தில் ஏறத்தாழ பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் இந்தச் சரிவு இல்லை. இந்த முடிவு பற்றிப் பிறகு நீண்ட விவாதம் நடந்தது. பரிசு பெரிதாகக் கெடுப்பதில்லை என்று கேமரனும் பியர்ஸும் 1994இல் எழுதினார்கள். டெசி, கோஸ்ட்னர், ரையன் ஆகியோர் 1999இல் 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, முன்கூட்டிச் சொல்லிக் கொடுக்கும் பொருள் பரிசு உள்ளார்வத்தைக் குறைக்கிறது என்றார்கள். ஆக, பிடித்த வேலைக்கு முன்கூட்டியே விலை வைத்தால் அது பிடித்த வேலையாக நீடிப்பது கடினமாகலாம் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. எல்லாப் பரிசும் கெடுதல் என்பதற்கு இல்லை. உங்கள் மகன் விஷயத்தில் அதுதான் நடந்தது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முடித்தால் பரிசு என்று சொன்ன கணத்தில், முடிவே இல்லாத ஒரு புத்தகத்துக்கு நீங்கள் ஒரு முடிவைக் கொடுத்துவிட்டீர்கள். வரிசையும் சரிக்குறியும் ஒன்பது நாளும் அதற்குப் பிறகு வந்தவையாக இருக்கலாம். பையனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கொடுத்த ஒப்பந்தத்தைக் கச்சிதமாக நிறைவேற்றியிருக்கிறான்.

இந்தப் புத்தகங்கள் படைப்பாற்றலை ‘வளர்க்கின்றன’ என்ற பேச்சில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. ஒரு பக்கத்தில் துணிச்சலாகச் செய்த குழந்தை, கணக்கிலோ கட்டுரையிலோ அதே துணிச்சலைக் காட்டும் என்று எதிர்பார்ப்பது அதிகம். துணிச்சல் அப்படி எளிதில் இடம் மாறுவதை என் வகுப்பில் நான் பார்த்ததில்லை. நான் பார்த்தது சிறியது: தொடங்குவதற்கு முன் வரும் பயம் குறைகிறது. வெள்ளைத் தாளின் முன் உறைந்துபோய் உட்காரும் ஆட்களுக்கு, பெரியவர்களுக்குத்தான் அதிகம், யாரோ ஒருவர் ‘நான் சொன்னேன், நீ கெடு’ என்று பொறுப்பை ஏற்றுக்கொள்வது பெரிய ஆறுதல். அசிங்கமான படங்கள் வரை என்று ஒரு பக்கம் இருக்கிறது. 50 வயது தாண்டிய ஒருவர் அந்தப் பக்கத்தில்தான் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு முதல்முறையாகப் படம் வரைந்ததாகச் சொன்னார். நன்றாக வரையத் தெரியாததால் 40 ஆண்டு வரையாமல் இருந்தவருக்கு, நன்றாக வரையக் கூடாது என்ற விதி போதுமானதாக இருந்திருக்கிறது. இதுவே பெரிய விஷயம் என்பது என் கட்சி.

சந்தை பற்றிய உங்கள் சந்தேகமும் நியாயம்தான். ஒன்று விற்றதும் அதைப் பார்த்து நூறு வந்தன. பலவற்றில் கட்டளை செயலிலிருந்து விளைவுக்கு நழுவிவிட்டது. வண்ணம் தீட்ட வேண்டிய அழகான ஓரங்களும், நிரப்ப வேண்டிய கட்டங்களும்தான் மிச்சம். இன்னொன்று, செய்த பக்கத்தைப் படம் எடுத்து இணையத்தில் போடும் பழக்கம். ஆயிரக்கணக்கான ‘சிதைந்த’ பக்கங்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன, எல்லாம் கண்ணைப் பறிக்கும் அழகு. அவற்றைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள், எப்படிச் சிதைத்தால் நன்றாக இருக்கும் என்று என்னிடம் கேட்கிறார்கள். முக்கோணக் கூரை வீடு வேறு உடையில் திரும்பி வந்திருக்கிறது. உங்கள் மகன் அவற்றைப் பார்த்திருந்தால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தப் புத்தகம் யாருக்கு வேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அழுக்கு, ஒழுங்கின்மை ஆகியவற்றால் உண்மையாகவே தவிக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். கூச்சப்படுவது வேறு, மூச்சுத் திணறுவது வேறு. அப்படிப்பட்ட குழந்தையைச் ‘சும்மா செய், ஒன்றும் ஆகாது’ என்று தள்ளாதீர்கள். அது என் போன்ற பைண்டர் ஆலோசனை சொல்ல வேண்டிய இடமும் அல்ல. ஏற்கெனவே வீடு முழுக்கக் கிழித்துப் போடும் குழந்தைக்கும் இது தேவையில்லை. அவனுக்கு ஊசியும் நூலும் நான்கு தாளும் கொடுங்கள், தைக்கட்டும்.

சரி, அடுத்த புத்தகம் வாங்கலாமா? இப்போதைக்கு வேண்டாம். கட்டிலுக்கு அடியில் இருப்பதை எடுங்கள். பரிசுப் பேச்சு இல்லாமல், அவனோடு உட்கார்ந்து, செய்த பக்கங்களில் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கத்தைப் பாருங்கள். ‘எவ்வளவு அழகாக இருக்கிறது’ என்று சொல்ல வேண்டாம். ‘இந்தக் கறை ஏன் ஓரத்தில் மட்டும் கருத்திருக்கிறது’ என்பது போல எதையாவது கேளுங்கள். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனால் விட்டுவிடுங்கள். அடுத்ததாக, 16 வெள்ளைத் தாள்களை நடுவில் மடித்து, மடிப்பில் மூன்று துளையிட்டு நூலால் கட்டுங்கள். பத்து நிமிட வேலை. அதில் அவன் உங்களுக்குக் கட்டளைகள் எழுதட்டும். ஒரே ஒரு விதி: செய்ய வேண்டியதை எழுதலாம், எப்படி முடிய வேண்டும் என்று எழுதக் கூடாது. அவன் எழுதியதை நீங்கள் செய்யுங்கள், உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும்.

என் வகுப்பில் கடைசி வாரம் இதைத்தான் செய்வோம். சென்ற முறை, எப்போதும் சரிக்குறி போடும் வகையைச் சேர்ந்த ஒரு பையன், எல்லாருக்கும் சுற்றுக்கு விட்ட தன் புத்தகத்தில், ‘இந்தப் பக்கத்திலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, ஆசிரியருக்குத் தெரியாமல் அவர் வைத்திருக்கும் எதிலாவது ஒளித்துவை’ என்று எழுதியிருக்கிறான். எனக்கு அது தெரியாது. அன்று இரவு என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் ஒரு துண்டு கிடைத்தது. மறுநாள் செருப்புக்குள் ஒன்று, பசை டப்பாவின் மூடிக்குள் ஒன்று. பதினொன்றுவரை எண்ணிவிட்டேன். பன்னிரண்டாவதை எங்கே வைத்தான் என்று அவன் இன்னும் சொல்லவில்லை.